நண்டுப் பெட்டிக்கு இருக்கைவார்

எடை எழுதும் தாளில் பொய் எழுத முடியாது.
எண்பத்திரண்டு கிலோ, நான்.
பதினொன்று, கேத்தாம் தீவு நண்டும் ஐஸும்.
வலது இருக்கைக்கு நேரே
பூஜ்யம் போட்டேன்.
பதினாறு வருஷம் அந்தக் கட்டத்தில்
தொண்ணூறு என்றே எழுதிய கை
கொஞ்சம் தயங்கித்தான் போட்டது.

சுபாங்கில் காலை ஏழே முக்கால்.
இறக்கையடியில் குப்பி பிடித்து
எரிபொருளை வெளிச்சத்துக்குக் காட்டினேன்.
இளநீலம். தண்ணீர் இல்லை.
"மோந்தும் பாருடா" என்பான் சவரிராஜ்.
மோந்தும் பார்த்தேன்.

பாதி விமானம் அவனுடையது.
எந்தப் பாதி என்று நாங்கள் பேசியதில்லை.
பிப்ரவரியில்,
நெஞ்சில் ஒரு துடிப்பு தாளம் தப்புகிறதென்று
டாக்டர் ஒரு தாளில் முத்திரை குத்தினார்.
அன்றிலிருந்து அவன் வானம்
பத்து மாவுங்கில், பத்தொன்பதாம் மாடி பால்கனி.
ஒரு ரேடியோ வைத்திருக்கிறான்.
கேட்கலாம். பேசக் கூடாது.

செகிஞ்சான் வயல்களில் தண்ணீர் கட்டியிருந்தார்கள்.
என் நிழல் வரப்பு வரப்பாகத் தாண்டியது,
சேறு படாமல்.
அப்புறம் செம்பனை.
செம்பனை.
கரை முடிகிற இடம் வரை செம்பனை.
பங்கோர் ஃபெரி இழுத்த வெள்ளைக் கோட்டுக்கு மேலே
பின்னிருக்கைப் பெட்டிக்குள்
ஒரு கால் நகரும் சத்தம்.
இந்த எஞ்சினுக்கு, இந்த ஹெட்செட்டுக்கு
அது கேட்டிருக்க வாய்ப்பே இல்லை.
கேட்டது.

தைப்பிங் பக்கம் மேகம் கறுத்துக் கிடந்தது.
அதைப் பார்க்காத மாதிரி வந்தேன்,
கடன்காரன் கடையைக் கடக்கிற மாதிரி.

பினாங்கு கோபுரத்தில் ஒரு பெண்குரல்.
ஓடுபாதையில் மழை,
தீவுக்குத் தெற்கே வட்டமிட்டுக் காத்திரு.

முதல் வட்டம். மீன்பண்ணைக் கூண்டுகள்,
இரண்டாம் பாலத்தின் முடிவில்லாத முதுகு.
இரண்டாம் வட்டம். அடுக்குமாடிகள்.
மழைக்குப் பயந்து எல்லாரும்
துணி எடுத்துவிட்டிருந்தார்கள்.
ஒரே ஒரு சிவப்புத் துண்டு மட்டும்
ஆடிக்கொண்டிருந்தது.
காற்று அப்படி ஆட்டாது.

இறக்கையை இடம் வலம் சாய்த்தேன்.
நண்டுப் பெட்டி வாரோடு சேர்ந்து முனகியது.

மூன்றாம் வட்டம் முடிவதற்குள் மழை
ஜார்ஜ் டவுனை எடுத்துக்கொண்டது,
பிறகு பாலத்தை, தூண் தூணாக,
பிறகு பத்தொன்பதாம் மாடியை.

எரிபொருள் முள்ளைப் பார்த்தேன்.
வெள்ளையாகிப்போன திசையைப் பார்த்தேன்.
ஈப்போவுக்குத் திரும்புகிறேன் என்று
இரண்டு பேரிடம் சொன்னேன்.
ஒருவர்தான் பதில் சொன்னார்.

ஈப்போவில் வெயில்,
எதுவுமே நடக்காத மாதிரி.
சக்கரத்துக்குக் கட்டை வைக்குமுன்னே போன் அதிர்ந்தது.
"மூணாவது ரவுண்டுல உயரம் விட்டுட்ட.
இடது சக்கர மூடி ஆடுது, பாரு.
நண்ட எவனுக்கும் குடுத்துடாத.
ரயிலேறிட்டேன்."

குனிந்து பார்த்தேன்.
ஒரு திருகு இல்லை.
அவ்வளவு தூரத்திலிருந்து எப்படித் தெரிந்ததென்று
இதுவரை நான் கேட்கவில்லை.

நாலு மணிக்கு வந்தான், இளைத்திருந்தான்.
அந்தக் கட்டத்தில் இனி
எழுபத்தியெட்டு போட்டால் போதும்.
என்னைத் தாண்டி, பெட்டியைத் தாண்டி
நேரே போய்
எஞ்சின் மூடிமேல் உள்ளங்கையை வைத்தான்,
காய்ச்சல் பார்க்கிற மாதிரி.

"ஆறிப்போச்சு" என்றான்.
கையை எடுக்கவில்லை.

நான் பெட்டியைத் திறந்தேன்.
எட்டில் ஆறு
இன்னும் கோபமாகத்தான் இருந்தன.